யூட்டா மலைகளுக்கு நம் கால் போதுமா?

நல்லத்தண்ணி நடையன் எழுதியது:

வணக்கம். நான் இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்து ஆள். வெளிநாட்டவர்களை மலைக்குக் கூட்டிப்போவது என் தொழில். பருவ காலத்தில் சிவனொளிபாதமலை, மற்ற மாதங்களில் தேயிலை மலைகளூடே போகும் பெக்கோ டிரெயில் நடைபாதை. எத்தனை முறை ஏறினோமோ அத்தனை முறை உச்சியில் மணி அடிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். போன பருவத்தோடு என் கணக்கு அறுபத்து நான்கு. நான் அடித்து முடிப்பதற்குள் பின்னால் நிற்பவர்கள் முறைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கூலிக்கு ஏறியதையும் கணக்கில் சேர்க்கலாமா என்று மனைவி கேட்பாள். வலித்தது என் கால்தானே, சேர்க்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கையும் மச்சானும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சோல்ட் லேக் சிட்டியில் இருக்கிறார்கள். செப்டெம்பர் கடைசியில் போய் ஒக்டோபர் நடுவில் திரும்புகிறேன். வீசா கிடைத்துவிட்டது. மச்சானுக்கு நான்கு நாள்தான் லீவு. மீதி நாட்களில் நான் தனியாகத்தான் சுற்ற வேண்டும்.

வீடியோக்களில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறையைப் பார்த்தேன். இரு பக்கமும் பாதாளம், நடுவில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். மொத்த ஏற்றம் ஏறக்குறைய 450 மீற்றர் என்கிறார்கள். சிவனொளிபாதமலைக்கு நல்லத்தண்ணியிலிருந்து நாம் ஏறுவது ஆயிரம் மீற்றரளவு, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படி. அதைத் தள்ளாத வயதில் பாட்டிமார் வெறுங்காலோடு ஏறுகிறார்கள். ஆகவே காலைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. பெப்ரவரியில் யூட்டாவின் மோவாப் ஊரிலிருந்து வந்த எழுபது வயதுக்காரர் ஒருவரைப் பொகவந்தலாவைப் பக்கம் கூட்டிப்போனேன். மனிதரின் முதுகில் மூன்று லீற்றர் தண்ணீர். என் கையில் அரை லீற்றர் போத்தல், அதிலும் தேத்தண்ணீர். "வழியெல்லாம் கடை இருக்கிறது, பீலி இருக்கிறது, எதற்கு ஐயா இந்தச் சுமை" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "எங்கள் ஊருக்கு இந்தப் போத்தலோடு வந்துவிடாதே" என்று மட்டும் சொன்னார்.

அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். கால் போதுமா? பஸ்ஸில் சுற்ற முடியுமா? என்னிடம் இருப்பது ரப்பர் அடி வைத்த சாதாரணச் சப்பாத்து. புதிது வாங்க வேண்டுமா?

வட்டவளை வான் எழுதியது:

அண்ணன், காலைவிடப் பணப்பையைப் பாருங்கள். 2026 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்குப் பூங்காக் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். கூட்டம் அதிகமுள்ள 11 தேசிய பூங்காக்களில் 16 வயதும் அதற்கு மேலுமான வெளிநாட்டவர் வழக்கமான கட்டணத்தோடு ஆளுக்கு 100 டொலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். யூட்டாவில் இருக்கும் ஐந்து தேசிய பூங்காக்களில் சயன், பிரைஸ் கன்யன் இரண்டும் அந்தப் பட்டியலில் அகப்பட்டுவிட்டன. ஆர்ச்சஸ், கன்யன்லேண்ட்ஸ், கெப்பிட்டல் ரீஃப் மூன்றும் தப்பிவிட்டன. வெளிநாட்டவருக்கான வருடாந்த அட்டை 250 டொலர். அது கையில் இருந்தால் அந்த நூறு இல்லை. சயன், பிரைஸ் இரண்டுக்கும் போவதென்றால் அட்டையே இலாபம்.

ஹோர்ட்டன் சமவெளி வாசலில் "எங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை மடங்கு" என்று வெள்ளைக்காரர்கள் கேட்கும்போது நீங்களும் நானும் எத்தனை சமாதானம் சொல்லியிருப்போம்! இனி அவற்றையெல்லாம் உங்களுக்கே சொல்லிக்கொள்ளுங்கள்.

ஊவா மகள் எழுதியது:

நான் பண்டாரவளைக்காரி. படிக்கப் போய் சோல்ட் லேக் சிட்டியில் ஆறு வருடம் இருந்தேன். கட்டண விஷயத்தை வட்டவளை அண்ணன் சொல்லிவிட்டார். நான் தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும்.

அந்த நகரம் ஏறக்குறைய 1,300 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஹட்டன் உயரம்தான். விமானத்தால் இறங்கியதும் மூச்சு வாங்காது. கிழக்கே மலை, விடியற்காலையில் குளிர், நம் ஊர் போலவே இருக்கிறதே என்று தோன்றும். அந்த நினைப்புதான் ஆளைக் கவிழ்க்கும். போன முதல் வாரம் காலையில் ரொட்டி சுட்டு, மூடாமல் மேசையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். மதியம் வந்து பார்த்தால் ஓடு. விரலால் தட்டினால் சத்தம் கேட்டது. துவைத்த துவாயை நாற்காலியில் போட்டால் ஒரு தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். ஜூன் மழையில் லயத்து அடுப்புக்கு மேலே கொடி கட்டி மூன்று நாள் உலர்த்தியும் புகை வாசனையோடு ஈரச் சீருடையை உடுத்திப் பள்ளிக்கூடம் போனவள் நான். எனக்கு அது சொர்க்கமாகவே இருந்தது. ரொட்டியையும் துவாயையும் உலர்த்திய அதே காற்று என்னையும் உலர்த்திக்கொண்டிருக்கிறது என்று அப்போது உறைக்கவில்லை.

உறைத்தது ஆர்ச்சஸ் பூங்காவில். டெலிகேட் ஆர்ச் என்ற கல் வளைவைப் பார்த்து வர மொத்தம் 4.8 கிலோமீற்றர். தம்பேதன்னைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட்டுக்கு ஏறுவதைவிடக் குறைவு. ஜூலை மாதம், காலை பத்து மணி, இரண்டு பேருக்கு ஒரு லீற்றர் போத்தல். பாதை முழுக்க வெறும் செம்பாறை. ஒதுங்குவதற்கு ஒரு மரம் கிடையாது. நம் மலையில் வியர்த்தால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு செய்தி சொல்லும். அங்கே வியர்வை வெளிவந்த கையோடு காய்ந்துவிடுவதால், பரவாயில்லையே, வியர்க்கவே இல்லையே என்று மகிழ்ந்துகொண்டு நடந்தேன். திரும்பும்போது என் கறுப்புச் சட்டையில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. காருக்கு வந்து சேர்ந்தபோது தலை சுற்றி, மூக்கிலிருந்து இரத்தம் வழிந்தது.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு கலன், கிட்டத்தட்ட நான்கு லீற்றர் என்பது அங்குள்ளவர்களின் கணக்கு. உங்கள் மோவாப் பெரியவர் அந்தக் கணக்கில் வாழ்கிறவர். நம் நாட்டில் எந்தக் காட்டில் வழி தவறினாலும் சரிவில் இறங்கிக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு தேயிலை மலை வரும், கொழுந்து எடுக்கும் யாராவது ஒருத்தி நிமிர்ந்து பார்த்து "எங்கே போக வேண்டும்?" என்று கேட்பாள். யூட்டாவில் அறுபது வீதத்துக்கும் மேற்பட்ட நிலம் மத்திய அரசின் கையில் இருக்கிறது. மணிக்கணக்கில் போனாலும் ஒரு கூரை தென்படாத இடங்கள் உண்டு. வழி தவறி இறங்கினால் ஒன்று செங்குத்துப் பாறை விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தும், இல்லாவிட்டால் ஒடுங்கிய பிளவுக்குள் தள்ளும்.

பிளவு என்றதும் சயன் பூங்காவின் நெரோஸ் நினைவுக்கு வருகிறது. வேர்ஜின் ஆறு பாறையை அறுத்துப் போட்ட இடுக்கு. தனியாகப் பாதை இல்லை, ஆற்றுக்குள்ளேயே நடக்க வேண்டும். தலைக்கு மேலே வானம் ஒரு நாடாவளவு தெரியும், அதுவும் நீலமாகவே இருக்கும். எங்கோ தொலைவில் பெய்த மழை பாறைக்குள் இறங்க வழியில்லாமல் அப்படியே உருண்டு வந்து இந்த இடுக்குக்குள் விழும். 2015 செப்டெம்பர் 14 அன்று அதே பூங்காவின் கீஹோல் கன்யன் என்ற பிளவில் திடீர் வெள்ளம் ஏழு பேரைக் கொண்டுபோனது. மழை வலுத்தால் வீட்டுக்குப் பின்னாலுள்ள மேட்டைப் பார்க்க நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, 2014 மீரியபெத்தை மண்சரிவே போதும். அங்கே மழை பெய்யாதபோதும் ஆற்றைப் பார்க்கப் பழக வேண்டும். தெளிந்த தண்ணீர் கலங்கித் தேத்தண்ணீர் நிறமானால், சுள்ளியும் சருகும் மிதந்து வந்தால், மேலே எங்கோ லொறி ஏற்றம் ஏறுவது போல் இரைந்தால், படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் கிடைத்த மேட்டில் ஏறிவிடுங்கள். வெள்ளப் பயம் அதிகம் ஜூலை நடுவிலிருந்து செப்டெம்பர் நடு வரை. நீங்கள் போகும்போது தணிந்திருக்கும். ஆனாலும் காலையில் பூங்கா அலுவலகத்து எச்சரிக்கைப் பலகையை வாசித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

ஏஞ்சல்ஸ் லேண்டிங் ஏற்றம் உங்கள் காலுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் கால் மட்டும் போதாது, அதிர்ஷ்டமும் வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து குலுக்கலில் விழுந்தவர்களுக்குத்தான் அனுமதி. ஏறுவதற்கு முந்திய நாள் பிற்பகல் 3 மணிக்குள் இணையத்தில் விண்ணப்பித்தால் 4 மணிக்கு முடிவு சொல்வார்கள். விண்ணப்பத்துக்கு 6 டொலர், விழுந்தால் ஆளுக்கு இன்னும் 3. விழாவிட்டாலும் சங்கிலி தொடங்கும் ஸ்கவுட் லுக்அவுட் வரை யாரும் போகலாம். அதற்குச் சற்றுக் கீழே 21 கொண்டையூசி வளைவுகள் இருக்கின்றன. மகியங்கனை வீதியின் பதினெட்டு வளைவைக் கையால் அமுக்கிச் சுருக்கி வைத்தது போல இருக்கும்.

பிரைஸில்தான் நம் ஆட்கள் ஏமாறுவார்கள். அங்கே முதலில் இறக்கம். விளிம்பில் நின்று கீழே பார்த்தால் ஆயிரக்கணக்கான செங்கல் நிறத் தூண்கள். அவற்றுக்கு நடுவே இறங்கி நடப்பது விளையாட்டுப் போல இருக்கும். சிவனொளிபாதமலையில் ஏற்றத்தின் கடனை முதலிலேயே அடைத்துவிட்டுத் திரும்புகிறோம். இங்கே வெயில் உச்சிக்கு வந்து, போத்தல் காலியாகி, கால் தளர்ந்த பிறகு ஏற்றம் காத்துக்கொண்டு நிற்கும். பாதித் தண்ணீர் தீர்ந்ததும் திரும்பலாம் என்று இருக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததுமே திரும்புங்கள்.

சப்பாத்தைப் பற்றி: அடி தேயாமல் பாறையைப் பிடிக்கிறது என்றால் இருப்பதே போதும். புதிதாக வாங்கினால் இப்போதே வாங்கித் தோட்டப் பாதையில் போட்டு நடந்து பழக்குங்கள். கொப்புளத்தை விமானத்தில் கூட்டிப்போக வேண்டாம்.

டிக்கோயா பழசு எழுதியது:

எனக்கு வயது எழுபத்தொன்று. இந்தப் பேச்செல்லாம் வாசிக்க வேடிக்கையாக இருக்கிறது. நம் பாட்டன் பூட்டன்மார் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் கரையிறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் கொலராவிலும் காய்ச்சலிலும் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதற்குச் சரியான கணக்குக்கூடக் கிடையாது. அந்தப் பரம்பரையில் வந்த பிள்ளை, நடப்பதற்காக நூறு டொலர் கட்டி, குலுக்கலிலும் பெயர் கொடுக்கப் போகிறது. போய் வா தம்பி, தடுக்கவில்லை. ஆனால் அந்தக் காய்ந்த பாறையில் அப்படி என்னதான் இருக்கிறது?

ஊவா மகள் எழுதியது:

ஐயா, அந்த ஊரையும் நடந்து வந்தவர்கள்தான் கட்டினார்கள். 1847இல் மோர்மன் மதத்தவர்கள் துரத்தப்பட்டு அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார்கள். மாட்டுவண்டிக்கு வசதியில்லாதவர்கள் 1856இலிருந்து 1860 வரை கைவண்டியில் சாமான்களை ஏற்றித் தாங்களே இழுத்துக்கொண்டு வந்தார்கள். 1856இல் இரண்டு கூட்டங்கள் பனியில் அகப்பட்டு இருநூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அவர்களுக்கு ஜூலை 24 மாநில விடுமுறை, ஊர்வலம், வாணவேடிக்கை. முதல் வருடம் அந்த ஊர்வலத்தைத் தெருவோரமாக நின்று பார்த்தபோது மன்னார் வழி எனக்கும் நினைவு வந்தது. நமக்கு அப்படி ஒரு விடுமுறை இல்லை. அவர்கள் வருவதற்கு முன்பே அங்கே யூட், பையூட், ஷொஷோனி மக்கள் இருந்தார்கள், மாநிலத்தின் பெயரே யூட் என்பதிலிருந்து வந்தது. ஊர்வலத்தில் அது அவ்வளவாகத் தெரியாது.

என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். கெப்பிட்டல் ரீஃப் பூங்காவுக்குள் ஃப்ரூட்டா என்று ஓர் இடம். சுற்றிலும் செம்பாறைச் சுவர், நடுவில் அந்தக் குடியேறிகள் வைத்த பழத்தோட்டம். பீச், ஆப்பிள், அப்ரிகொட். அறுவடைக்குத் திறந்துவிட்ட மரங்களில் பறித்துத் தோட்டத்துக்குள் நின்று சாப்பிட்டால் காசில்லை, வெளியே கொண்டுபோனால்தான் நிறுத்துப் பணம் கட்ட வேண்டும். அந்தப் பாறைக்கு நடுவே ஒரு பீச் பழத்தைக் கடித்து, சாறு முழங்கை வரை வழிந்தபோது நான் என் அம்மாவை நினைத்தேன். இருபத்தெட்டு வருடம் தோட்டத்தில் வேலை செய்தும் அந்தத் தோட்டத்தின் முதல்தரத் தேயிலையை ருசி பார்க்காமலே போனவள்.

நல்லத்தண்ணி நடையன் எழுதியது:

தங்கச்சி, நீங்கள் எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். உப்புச் சட்டைக் கதை வந்ததும் எழுந்து போய் இரண்டு லீற்றர் போத்தல்கள் இரண்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். மோவாப் பெரியவரிடம் சிரித்ததற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. அவருடைய மின்னஞ்சல் முகவரி இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

டிக்கோயா ஐயா, கோபிக்க வேண்டாம். கூலிக்கு அறுபத்து நான்கு முறை ஏறியவன் ஒரு முறையாவது சும்மா ஏறிப் பார்க்க ஆசைப்படுகிறான்.

இன்னும் இரண்டு கேள்வி. பஸ்ஸைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அடுத்தது, மச்சான் கிங்ஸ் பீக் ஏறலாம் என்கிறான், 4,123 மீற்றராம். ஏறலாமா?

ஊவா மகள் எழுதியது:

கிங்ஸ் பீக் வேண்டாம் அண்ணா. மாநிலத்திலேயே உயரமானது. வழக்கமான பாதையில் போய் வர 45 கிலோமீற்றர், இரண்டு மூன்று நாள் கூடாரம் அடித்துத் தங்க வேண்டும். நீங்கள் போகும் நேரத்தில் பனி விழத் தொடங்கிவிடலாம். சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். அதற்கு மேலே உங்கள் மூச்சு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியாது. மச்சானை நகரத்துக்குப் பக்கத்திலேயே பிக் கொட்டன்வுட் கன்யனுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். செப்டெம்பர் கடைசியில் அஸ்பன் மரங்கள் மஞ்சளாகி மலையே தங்கமாக இருக்கும். அது நகரத்துக்குக் குடிதண்ணீர் வரும் மலை, ஆகவே நாயைக்கூட உள்ளே விடமாட்டார்கள். நம் நீரோடைகளில் வானைக் கழுவுகிறவர்கள் கவனிக்கவும்.

பஸ்: சயனுக்குள்ளும் பிரைஸிலும் இலவச பஸ் ஓடுகிறது, அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தப் பூங்காக்களுக்கு நகரத்திலிருந்து போய்ச் சேர நம் இ.போ.ச. அரசு பஸ் போல எதுவும் கிடையாது. சயனுக்கு ஏறக்குறைய 500 கிலோமீற்றர், கார்தான் வழி. சாரதி அனுமதிப்பத்திரத்தோடு சர்வதேச அனுமதிப்பத்திரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் ஓட்டுவது ஒரு நாளில் பழகிவிடும், இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் மனதுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொள்ளுங்கள்.

மண் பாதையில் வாடகைக் காரை இறக்காதீர்கள். எஸ்கலாண்டே ஊருக்குப் பக்கத்தில் ஹோல் இன் த ரொக் என்று நூறு கிலோமீற்றர் மண் வீதி இருக்கிறது. காய்ந்திருக்கும்போது நம் தோட்டத்து வீதியைவிட நன்றாக இருந்தது. கால் மணி நேரம் மழை தூறியதும் களிமண் வெண்ணெயாகி, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. இங்கே என்றால் லயத்திலிருந்து பத்துப் பேர் வந்து "ஏலேலோ" சொல்லித் தள்ளிவிடுவார்கள். அங்கே மறுநாள் காலை வரை நானும் என் தோழியும் ஒரு பொதி பிஸ்கட்டும். இழுத்துக் கொடுத்த செலவு முழுவதும் எங்கள் தலையில். தார் போடாத பாதை கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்திலேயே எழுதியிருந்ததாம். நாங்கள் முதல் பக்கத்தில் கையெழுத்திட்டதோடு சரி.

வட்டவளை வான் எழுதியது:

வானை ஓடையில் கழுவுகிறவன் நான் இல்லை. சும்மா சொல்லி வைக்கிறேன்.

நல்லத்தண்ணி நடையன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஆர்ச்சஸ், கெப்பிட்டல் ரீஃப் இரண்டும் மச்சானோடு. பிறகு அட்டையை வாங்கிக்கொண்டு சயனும் பிரைஸும். பிரைஸ் இரவுக் குளிருக்கு அப்பாயியின் கறுப்புக் கம்பளி பெட்டியில் ஏறிவிட்டது. குலுக்கலில் விழுந்தால் வந்து எழுதுகிறேன்.

கடைசியாக ஒன்று, மனைவி கேட்கச் சொன்னாள்: அந்த ஏஞ்சல்ஸ் லேண்டிங் உச்சியில் மணி இருக்கிறதா?

ஊவா மகள் எழுதியது:

மணி இல்லை. அணில்கள் இருக்கின்றன, நம் வீட்டு அணிலைவிடச் சிறியவை, பயமே கிடையாது, பையின் சிப்பைத் திறக்கும் சத்தம் கேட்டால் மடியில் ஏறிவிடும். தீனி போட்டால் அபராதம். கட்டச் சம்பல் ரொட்டியைக் கீழே இறங்கி வந்து சாப்பிடுங்கள்.